கருவில் தெரியும் குறை: அறிந்த பின் எமது கடமை என்ன?

ஒரு காலத்தில் வல்வெட்டித்துறைத் தாயொருத்தி தன் பிள்ளையின் முகத்தைப் பேறு முடிந்த பின்னரே கண்டாள். மின்சாரமும் மருந்தும் எரிபொருளும் தடைப்பட்டிருந்த 1990 களில் குடாநாட்டின் பெரும்பாலான தாய்மாருக்கு ஸ்கான் என்பது காதால் கேள்விப்பட்ட ஒன்றாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. கிளினிக் கொப்பியோடு ஸ்கான் படமும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பெரியம்மாவுக்கு அந்தப் படம் அன்றிரவே கைத்தொலைபேசியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மகிழ்ச்சி தரும் இந்தப் படம் சில வீடுகளுக்குப் பெருந்துயரையும் கொண்டுவருகிறது. "பிள்ளைக்கு ஒரு குறை இருக்கிறமாதிரித் தெரியுது" என்ற ஒரு வசனத்தோடு திரும்பிவரும் தாயின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நாளிலிருந்து பேறு வரையுள்ள நாலைந்து மாதங்களை அவள் எப்படிக் கழிக்கிறாள்? யார் அவளுக்கு விளக்கம் சொல்கிறார்கள்? யார் அவளைக் குற்றம் சாட்டுகிறார்கள்? இவை மருத்துவருக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. ஊருக்கு உரிய கேள்விகள்.

பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாடு இருக்கும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. பிறந்து 28 நாள்களுக்குள் இறக்கும் சிசுக்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் சிசுக்களின் மரணத்துக்குப் பிறவிக் குறைபாடே காரணம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டில் அருமையாக நடக்கும் விடயமன்று. எமது ஒவ்வொரு குறிச்சியிலும் இத்தகைய குடும்பம் ஒன்று உண்டு.

வடமராட்சிக் கரையோரத்துத் தாய்மார் கூட்டமொன்றில் இளம் தாயொருவர் எம்மிடம் கேட்டார்: "பாதர், வயித்துக்குள்ளயே குறை எண்டு தெரிஞ்சு என்ன பிரயோசனம்? தெரியாமல் இருந்தால் பெறுமட்டுமாவது நிம்மதியா இருக்கலாமெல்லோ?" நாம் பதில் சொல்லுமுன் அருகிலிருந்த வயது முதிர்ந்த அம்மா ஒருவர் சொன்னார்: "புயல் வருகுது எண்டு தெரிஞ்சால்தானே பிள்ளை, வள்ளத்தை இழுத்து மேலை ஏத்தலாம்." இக்கட்டுரை சொல்ல விரும்புவதும் அதுவே. அறிவது ஆயத்தம் செய்வதற்காக. ஆயத்தம் செய்ய ஆளில்லாத இடத்தில் அறிவு வெறும் பயமாகிவிடுகிறது.

கடலில் பிறந்த கருவி

ஸ்கான் பற்றிய அச்சம் இன்னமும் சிலரிடம் உண்டு. அதன் கதிர் பிள்ளையைத் தாக்கும் என நினைப்போர் உளர். உண்மையில் ஸ்கானில் எக்ஸ் கதிர் கிடையாது. அது காதுக்குக் கேட்காத ஒலி.

இந்த ஒலியின் வேலையை வல்வெட்டித்துறையாருக்கு நாம் புதிதாக விளக்க வேண்டியதில்லை. முன்னாளில் எமது தண்டையல்மார் ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிக் கடலின் ஆழம் பார்த்தனர். இந்த ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை 1938 இல் சென்றடைந்த வரலாறு சிறுபிள்ளைக்கும் தெரியும். இன்று ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் ஒலியை நீருக்குள் அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவி இருக்கிறது. ஸ்கான் செய்வதும் இதே வேலையைத்தான். கடலுக்குப் பதில் பன்னீர்க்குடம். மீனுக்குப் பதில் பிள்ளை.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றியபோது ராடார், சோனார் கருவிகளைப் பற்றி அறிந்த இயன் டொனால்ட் என்னும் மகப்பேற்று மருத்துவர், பின்னர் கிளாஸ்கோ நகரில் பேராசிரியரானார். கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றில் உலோகத்திலுள்ள வெடிப்பைக் கண்டறியப் பயன்பட்ட கருவியைக் கொண்டு 1955 இல் அவர் தமது சோதனைகளைத் தொடங்கினார். பொறியியலாளர் ரொம் பிறவுண், மருத்துவர் ஜோன் மக்விக்கார் ஆகியோருடன் சேர்ந்து 1958 இல் அவர் வெளியிட்ட கட்டுரையே கருவறையைப் பார்க்கும் வழியை மருத்துவ உலகுக்குத் திறந்தது.

எப்போது, என்ன தெரியும்?

கர்ப்பகாலத்தில் குறைபாட்டைத் தேடுவதற்கு இரண்டு முக்கிய காலங்கள் உண்டு. முதலாவது 11 ஆம் வாரத்திலிருந்து 14 ஆம் வாரம் தொடங்குவதற்குள். அப்போது பிள்ளையின் வயதைச் சரியாகக் கணிக்கலாம். பிள்ளையின் பிடரியில் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிப்பை அளந்து, டவுண் சிண்ட்றோம் முதலிய நிலைகளுக்கான வாய்ப்பு எவ்வளவு என மதிப்பிடலாம். மண்டையோடு உருவாகாத நிலை போன்ற சில பெருங்குறைகளும் இப்போதே தெரியும்.

இரண்டாவது 18 முதல் 22 வாரம் வரை. பிள்ளையின் தலை, முகம், முள்ளந்தண்டு, இதயம், வயிற்றுச் சுவர், சிறுநீரகம், கைகால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கான் இது. "ஏழாம் மாதம் ஒருக்கா ஸ்கான் எடுத்தால் போதும்" என்று இருப்பவர்கள் இந்தக் காலத்தைத் தவறவிடுகிறார்கள். பிள்ளை வளர்ந்து நெருக்கமாகக் கிடக்கும்போது பல உறுப்புகளைத் தெளிவாகப் பார்க்க முடிவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பைக் கணிக்கும் சோதனை வேறு. நோயை உறுதிப்படுத்தும் சோதனை வேறு. முதலாவது வகைச் சோதனையில் "நூற்றுக்கு ஒன்று" என்று விடை வந்தால், அதே விடையைப் பெற்ற 100 தாய்மாரில் 99 பேருடைய பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை என்பதே பொருள். ஆனால் "ஒன்று" என்ற எண் மட்டும் காதில் விழுந்து, சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிடும் தாய்மாரை நாம் காண்கிறோம்.

தாயின் இரத்தத்தில் பிள்ளையின் பக்கத்திலிருந்து வந்த மரபுப்பொருளும் மிதக்கிறது என்பதை டெனிஸ் லோ என்னும் ஹொங்கொங் மருத்துவரின் குழு 1997 இல் கண்டறிந்தது. அதிலிருந்து பிறந்த இரத்தப் பரிசோதனை 2011 முதல் வெளிநாடுகளில் பரவலாயிற்று. புலம்பெயர்ந்த உறவினர் அதைப் பற்றித் தொலைபேசியில் சொல்கிறார்கள். எமது நாட்டிலும் பணம் செலுத்திச் செய்விக்கலாம். மிகத் திறமான சோதனை என்றாலும் இதுவும் வாய்ப்பைக் கணிப்பதே. இதன் விடையை மட்டும் வைத்து ஒருவரும் முடிவெடுக்கலாகாது. உறுதிப்படுத்துவதற்கு 15 ஆம் வாரத்தின் பின்னர் பன்னீர்க்குடத்து நீரை மெல்லிய ஊசியால் எடுத்து நிறமூர்த்தங்களைப் பார்க்க வேண்டும். அதனால் கருச்சிதைவு ஏற்படும் அபாயம் 200 இல் ஒன்றுக்கும் குறைவு. சிறியதுதான், ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. செய்வதா விடுவதா என்பதைத் தாயும் தகப்பனும் விளக்கம் கேட்டறிந்து தீர்மானிக்க வேண்டும்.

ஸ்கானும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. டவுண் சிண்ட்றோம் உள்ள பிள்ளைகள் பலர் ஐந்தாம் மாத ஸ்கானில் எந்த வேறுபாடும் இன்றித் தோன்றுவர். காது கேளாமையும் அறிவு வளர்ச்சிக் குறைவும் ஸ்கானில் தெரிவதில்லை. "ஸ்கான் எடுத்துப் பார்த்து நல்லம் எண்டுதானே சொன்னவை" என்று பின்னர் எவரையும் குற்றம் சாட்டுவதில் நியாயமில்லை.

குறை என்பது ஒன்றல்ல

"குறை" என்ற ஒரே சொல்லுக்குள் மிக வேறுபட்ட நிலைகளை நாம் அடக்கிவிடுகிறோம். அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும்.

முதலாவது, சிகிச்சையால் சீராகக்கூடியவை. ஏறத்தாழ 700 பிறப்பில் ஒன்றில் காணப்படும் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சத்திரசிகிச்சையால் சீராகும். உள்ளே வளைந்த பாதத்தைப் பிறந்த முதல் வாரங்களிலேயே வாரத்துக்கொரு மாக்கட்டுப் போட்டுப் படிப்படியாக நேராக்கலாம். பொன்செற்றி என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் இந்த முறைக்குப் பெரிய சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. பிறவிக் குறைகளில் மிகக் கூடுதலாகக் காணப்படுவது இதயக் குறை; 1,000 பிறப்பில் 8 முதல் 10 வரை. அவற்றுட் சில தாமாகவே சரியாகும். சில, பிறந்த முதல் நாள்களிலேயே உயிரைப் பறிக்கும்.

இந்த இடத்தில்தான் முன்கூட்டி அறிவதன் பெறுமதி தெரிகிறது. பெரும் இரத்தக்குழாய்கள் இரண்டும் இடம்மாறி அமைந்த பிள்ளை கருவறையில் சுகமாகவே வளரும். பிறந்து, தாயின் வயிற்றிலிருந்தபோது திறந்திருந்த சிறு வழி மூடத் தொடங்கியதும் உடல் நீலம் பாரிக்கும். அந்த வழியை மருந்தால் திறந்து வைத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். குறை முன்னரே தெரிந்திருந்தால் தாய் வயிற்றோடு பயணம் செய்யலாம். தெரியாதிருந்தால் மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தை அம்புலன்ஸில் பயணம் செய்ய வேண்டும். குடல் வயிற்றுக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கும் இதே கதைதான். பிள்ளையை இடம் மாற்றுவதற்கு மிகப் பாதுகாப்பான வாகனம் தாயின் வயிறே.

கருவறைக்குள்ளேயே சிகிச்சை அளிப்பதும் இன்று புதுமையன்று. தாயின் இரத்த வகை பிள்ளைக்குப் பகையானதால் இரத்தம் அழிந்து இறந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு, நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் வில்லியம் லிலி 1963 இல் தாயின் வயிற்றினூடாகவே இரத்தம் ஏற்றிக் காட்டினார். முள்ளந்தண்டுப் பிளவைப் பிறப்பதற்கு முன்னரே மூடினால் பின்னாளில் பிள்ளையின் நடக்கும் ஆற்றல் கூடுகிறது என்பதை 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. உலகின் சில நிலையங்களில் மட்டுமே செய்யப்படும் சிகிச்சை அது.

இரண்டாவது வகை, பிள்ளையோடு வாழ்நாள் முழுவதும் கூடவே வருபவை. டவுண் சிண்ட்றோம் இதற்கு நல்ல உதாரணம். இங்கிலாந்து மருத்துவர் லாங்டன் டவுண் 1866 இல் இந்த நிலையை விவரித்தார். 21 ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே இதற்குக் காரணம் என்பதைப் பிரான்சில் மார்த் கோத்தியே, ரேமொன் தூர்பான், ஜெரோம் லெஜேன் ஆகியோர் 1959 இல் வெளியிட்டனர். அமெரிக்காவில் 1983 இல் இந்தப் பிள்ளைகளின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இன்று அது 60 ஆண்டுகள். நிறமூர்த்தம் மாறவில்லை. இதயச் சிகிச்சையும், கல்வியும், விடுதிகளில் அடைத்து வைக்காமல் வீட்டில் வைத்து வளர்த்ததுமே ஆயுளைக் கூட்டின.

மூன்றாவது வகை, பிறந்த பின் உயிர்தரிக்க முடியாதவை. மண்டையோடும் மூளையும் உருவாகாத நிலை, இரு சிறுநீரகங்களும் இல்லாத நிலை முதலியன இத்தகையவை. இவற்றுக்குச் சிகிச்சை இல்லை. இங்கே பொய்யான நம்பிக்கை கொடுப்பது பாவம். நேர்த்தியை நிறைவேற்றினால் எல்லாம் சரியாகும் என்று சொல்லித் தாயை அலையவிடுவதும் நல்லதன்று.

யார் குற்றம்?

குறை தெரிந்தவுடன் எமது வீடுகளில் முதலில் எழும் கேள்வி "இது எந்தப் பக்கத்தால் வந்தது?" என்பதே. கிரகணத்தன்று மரக்கறி வெட்டினாள், செத்த வீட்டுக்குப் போனாள், மாமி சொன்னதைக் கேட்கவில்லை என்றெல்லாம் பழி தாயின் தலையில் விழுகிறது. சந்திரனின் நிழலுக்கும் பிள்ளையின் உதட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிள்ளையின் முகம் உருவாவது முதல் மூன்று மாதங்களுக்குள். கிரகணம் எப்போது வந்தாலும் அது பிள்ளையைத் தொடுவதில்லை. பெரும்பாலான பிறவிக் குறைகளுக்குத் திட்டவட்டமான காரணம் ஒன்றைச் சொல்ல மருத்துவத்தாலும் இயலவில்லை. டவுண் சிண்ட்றோம் வாய்ப்பு தாயின் வயதோடு கூடுகிறது: 20 வயதில் ஏறத்தாழ 1,500 இல் ஒன்று, 35 இல் ஏறத்தாழ 350 இல் ஒன்று, 40 இல் 100 இல் ஒன்று. இதிலும் குற்றம் என்று எதுவும் இல்லை.

ஆனால் தடுக்கக்கூடிய காரணங்கள் சில உண்டு. பழி சொல்லும் வாய் அவற்றைச் சொன்னால் ஊருக்கு நன்மை.

போலிக் அசிட் குளிசை அவற்றுள் முதன்மையானது. முள்ளந்தண்டாக அமையவேண்டிய குழாய், கரு உருவாகி 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, கிளினிக்குக்கு முதன்முறை போகும்போது அந்த வேலை முடிந்துவிட்டது. ஆகவே குளிசையைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும். முன்னர் இக்குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடையே 7 நாடுகளில் நடந்த ஆய்வு, இந்தக் குளிசையால் அடுத்த பிள்ளைக்கு அதே குறை வருவது 72 வீதம் தடுக்கப்படுகிறது என 1991 இல் காட்டியது. அத்தகைய தாய்மாருக்குக் கூடிய அளவு தேவை. மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சாதாரண அளவுக் குளிசையை எமது குடும்பநல உத்தியோகத்தர் இலவசமாகத் தருகிறார். புதிதாகத் திருமணமான பெண் அவரிடம் போய்க் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்தது றூபெல்லா. சாதாரணக் காய்ச்சல்போல வந்துபோகும் இந்த நோய் முதல் மூன்று மாதக் கர்ப்பிணியைத் தொற்றினால் பிள்ளையின் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். இந்தத் தொடர்பை முதலில் கண்டவர் அவுஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக், ஆண்டு 1941. இலங்கையில் றூபெல்லாத் தடுப்பூசி 1996 இல் அறிமுகமாயிற்று. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து தடுப்பூசி தவறியவர்கள் எம்மிடையே இருக்கலாம். கர்ப்பமாகுமுன் ஊசி அட்டையைப் பார்த்துத் தவறியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின்போது இந்த ஊசி போடலாகாது.

கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு பிள்ளையின் இதயத்தையும் முள்ளந்தண்டையும் பாதிக்கும். வலிப்புக்குக் கொடுக்கப்படும் வல்புறோவேற் என்ற மருந்து, எடுக்கும் தாய்மாரில் பத்தில் ஒருவருடைய பிள்ளைக்குக் குறையை உண்டாக்குகிறது. அதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. கருத்தரிப்பதற்கு முன் மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். மேற்கு ஜேர்மனியில் 1957 இல் விற்பனைக்கு வந்து 1961 இல் மீளப்பெறப்பட்ட தலிடொமைட் என்ற மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கைகால் குறைந்து பிறந்தார்கள். கடையில் கேட்டு வாங்கும் குளிசை பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

சொந்தத்துக்குள் மச்சான் மச்சாள் திருமணம் எமது வழக்கம். நெருங்கிய மச்சான் மச்சாள் மணத்தில் குறைபாட்டின் வாய்ப்பு 100 இல் 2, 3 என்பதிலிருந்து 4 முதல் 6 வரை உயரலாம். அப்படியும் 100 இல் 94 பிள்ளைகளாவது சுகமாகவே பிறப்பர். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே இத்தகைய பிள்ளை பிறந்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மானுடப் பிறப்புரிமையியல் பிரிவு 1983 முதல் இத்தகைய குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கி வருகிறது.

சட்டமும் மனச்சாட்சியும்

குறை உறுதியான பின் வெளிநாட்டிலுள்ள தங்கைக்கு ஒரு வழியும் வல்வெட்டித்துறையிலுள்ள அக்காவுக்கு வேறொரு வழியும் சொல்லப்படுகின்றன. பிரித்தானியச் சட்டம் பாரதூரமான குறைபாட்டுக்கான கருக்கலைப்புக்கு வார வரையறை வைக்கவில்லை. டென்மார்க்கில் 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் சோதனை வழங்கப்பட்டது. அங்கு டவுண் சிண்ட்றோம் பிள்ளைகளின் பிறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் 2008 இல், இதயக் குறையுள்ள கருவை 20 வாரத்துக்குப் பின் கலைக்க அனுமதி கேட்ட தம்பதியரின் மனுவை மும்பை உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 2021 இல் திருத்தப்பட்ட சட்டம், மருத்துவக் குழு இணங்கினால் வார வரையறையின்றி அதற்கு இடமளிக்கிறது.

எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. அதன் 303 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைப்பது 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை அசையத் தொடங்கிய பின்னராயின் 7 ஆண்டு வரை. கடுங்குறைபாட்டுக்கு விலக்களிக்கும் திருத்தம் 1995 இல் கொண்டுவரப்பட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2017 இல் பாலியல் வல்லுறவுக்கும் உயிர்தரிக்க முடியாத குறைபாட்டுக்கும் விலக்களிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் அதனை எதிர்த்தனர். அது சட்டமாகவில்லை.

திருச்சபை ஸ்கானுக்கு எதிரானது என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. 1987 இல் உரோமாபுரி வெளியிட்ட உயிரின் கொடை என்னும் ஏடு, பிள்ளையைக் காக்கவும் குணமாக்கவும் செய்யப்படும் முற்பேற்றுச் சோதனையை ஏற்றுக்கொள்கிறது. பிள்ளையை அழிக்கும் எண்ணத்தோடு செய்வதையே விலக்குகிறது. ஸ்கானைத் தந்த இயன் டொனால்டும், டவுண் சிண்ட்றோம் ஆய்வில் பங்கேற்ற லெஜேனும் தமது அறிவு பிள்ளைகளை விலக்கப் பயன்படுவதை எதிர்த்தே வாழ்ந்தார்கள். குறையைத் தேட வந்த கருவி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அயல்நாடே சாட்சி. இந்தியாவில் அதே சோதனை பெண் சிசுவைத் தேடி அழிக்கப் பயன்பட்டதால், கருவின் பாலைச் சொல்வதைத் தடுக்க 1994 இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இந்த விடயத்தில் எம்மோடு உடன்படாத நல்ல மருத்துவர்களும் தாய்மாரும் உளர். அவர்களுடைய வேதனை உண்மையானது. உயிர்தரிக்காத பிள்ளையை ஒன்பது மாதம் சுமக்கும் தாயின் முன் எவரும் எளிதாக நியாயம் பேசிவிட முடியாது. ஆகவேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "பிள்ளையைச் சுமந்து பெறு" என்று ஒரு தாய்க்குச் சொல்லும் சமயமும் சட்டமும் சமூகமும், பெற்ற பின் அந்தச் சுமையில் பங்கெடுக்கக் கடமைப்பட்டுள்ளன. கோவிலில் ஒரு நாள் பிரசங்கம் செய்துவிட்டு, விசேட தேவையுடைய பிள்ளையின் வீட்டுப் படலையைத் திறந்து பாராதவருக்கு அந்தத் தாய்க்குப் புத்தி சொல்லும் உரிமை இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. திருமணப் பதிவின்போதே போலிக் அசிட், றூபெல்லா ஊசி, நீரிழிவுச் சோதனை பற்றிப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்வோம். பங்கு மனையிலும் கோவில் வீதியிலும் மாதர் சங்கத்திலும் இதைப் பேசலாம்.

2. நாள் தள்ளியவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்ய வேண்டும். 18 முதல் 22 வாரத்துக்கான ஸ்கான் எப்போது, எங்கே என்பதை ஊறணி வைத்தியசாலையிலோ மந்திகை ஆதார வைத்தியசாலையிலோ கிளினிக்குக்குப் போகும்போது கேட்டுத் திகதியைக் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

3. குறை என்று சொல்லப்பட்டால் தாயைத் தனியே அனுப்பலாகாது. கணவன் கடலில் என்றால் தமக்கையோ மாமியோ கூடப் போகட்டும். மருத்துவரிடம் ஐந்து விடயங்களைக் கேட்க வேண்டும்: எந்த உறுப்பில் என்ன குறை? இது உறுதியா, சந்தேகமா? மறுபடி யார், எப்போது பார்க்க வேண்டும்? பேறு எந்த ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும்? அடுத்த பிள்ளைக்கு இது வருமா? விடைகளைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை.

4. யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போக வேண்டியவர்களின் போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஊர்ச் சங்கங்கள் சிறு நிதியொன்றை வைத்திருக்கலாம். விழாவுக்கும் விளையாட்டுக்கும் வாரி வழங்கும் புலம்பெயர் உறவுகள் இதற்கும் தருவர்.

5. உயிர்தரிக்காத பிள்ளை பிறக்கும்போது, அதைத் தாய் பார்க்கலாகாது என்று மூடி எடுத்துச் செல்வது எமது வழக்கம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆயினும் விரும்பும் தாய் தன் பிள்ளையைக் கையில் ஏந்தவும், பெயர் வைக்கவும், அடக்கம் எங்கே நடந்தது என்று அறியவும் இடமளிக்க வேண்டும். முகம் காணாத பிள்ளைக்காக அழுவது கடினம். பால் கட்டி மார்பு நோகும் நாள்களில் அவளுக்கு மருத்துவமும் துணையும் தேவை.

6. வாழ்நாள் முழுவதும் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு முதல் மாதங்களிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். கோண்டாவிலில் சிவபூமி, கைதடியில் நவீல்ட் பாடசாலை, சுன்னாகத்தில் வாழ்வகம், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் என்பன எமது மண்ணில் இத்தகையோருக்காக இயங்குகின்றன. பிரதேச செயலகத்தின் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கப் படித்த இளைஞர்கள் துணை நிற்கலாம்.

ஸ்கான் கருவி ஒரு வேலையைத்தான் செய்யும். இருட்டில் இருப்பதை அது காட்டும். கண்ட பின் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி தேடுவதும், தாய்க்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும், மாமியாரின் வாயை அடக்குவதும், அந்தப் பிள்ளையைப் பாலர் வகுப்பில் சேர்த்துக்கொள்வதும் மனிதரின் வேலை. கடலில் ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் சாதி சமயம் பாராது எல்லா வள்ளங்களையும் இறக்கித் தேடப் போகும் ஊர் வல்வெட்டித்துறை. அதே ஊரில் இன்று ஸ்கான் படத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வீடு திரும்பும் தாய் யார்? அவளைத் தேடிப் போவோம்.